ஸ்லைடர் பூட்டுக்குள் என்ன நடக்கிறது: பிரித்துப் பார்த்துப் புரிந்துகொள்ள ஒரு முழு வழிகாட்டி

என் மேசைமேல் ஒரு பித்தளைப் பூட்டு பிரித்த நிலையில் கிடக்கிறது. பழைய எழுதுபெட்டி ஒன்றிலிருந்து கழற்றியது, பிராமா வகை, உள்ளே ஏழு ஸ்லைடர். சாவி சுண்டுவிரல் நீளம்தான். பார்க்கிறவர்கள் எல்லாரும் "பல்லே இல்லையே, இது எப்படித் திறக்கும்?" என்று கேட்கிறார்கள். வாயால் சொன்னால் பாதிதான் போய்ச் சேர்கிறது, அதனால் ஒவ்வொரு பாகமாகக் கையில் எடுத்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஸ்லைடர் என்றால் என்ன என்பதை முதலில் பிரித்துச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் குழம்பும். வீட்டுக் கதவில் சாதாரணமாக இருக்கும் சிலிண்டர் பூட்டில் பின்கள் இருக்கும். ஒவ்வொரு பின்னும் இரண்டு துண்டு, தலைக்கு மேல் தனித்தனி ஸ்பிரிங். சரியான சாவி உள்ளே போனால் எல்லாப் பின்களின் பிரியும் இடமும் ஒரே கோட்டில் வந்து நிற்கும், உருளை திரும்பும். லிவர் பூட்டில் தகடுகள் ஒரு முளையை அச்சாகக் கொண்டு மேலே எழும்பும். ஸ்லைடர் பூட்டில் ஒவ்வொரு ஸ்லைடரும் ஒரே துண்டு, அது தன் பள்ளத்துக்குள் நேர்கோட்டில் முன்னும் பின்னும் போகும், அதன் உடம்பிலேயே ஒரு வெட்டு இருக்கும். அந்த வெட்டு சரியான இடத்துக்கு வந்தால்தான் பூட்டு விடும். அவ்வளவுதான் அடிப்படை. மற்றதெல்லாம் அந்த "சரியான இடம்" எது என்பதை வெளியில் இருப்பவருக்குத் தெரியாமல் வைப்பதற்கான வேலை.

இந்த வகையைத் தொடங்கி வைத்தவர் ஜோசப் பிராமா. 1748இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷையரில் பிறந்து தச்சு வேலை கற்று லண்டனுக்கு வந்தவர். 1784இல் இந்தப் பூட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கு 1795இல் காப்புரிமை வாங்கியவரும் இதே ஆள்தான். அன்றைக்குப் புழக்கத்தில் இருந்த பூட்டுகளில் பெரும்பாலானவை உள்ளே தடுப்புச் சுவர்களை வைத்து, அவற்றுக்கு ஏற்ற வெட்டுள்ள சாவியைக் கொடுப்பவை. ஒரு வெற்றுச் சாவியில் மெழுகைப் பூசி உள்ளே விட்டுத் திருப்பினால் சுவர் எங்கே இருக்கிறது என்பது மெழுகில் பதிந்துவிடும். அசையாத ஒரு தடுப்பு தன் இடத்தைச் சொல்லிவிடும் என்பதைப் பிராமா புரிந்துகொண்டார். தடுப்பு நகர வேண்டும், ஒவ்வொன்றும் வேறுவேறு தூரம் நகர வேண்டும், குறைவாக நகர்ந்தாலும் தப்பு, கூடுதலாக நகர்ந்தாலும் தப்பு. இங்கிருந்துதான் அவருடைய பூட்டு தொடங்குகிறது.

படி 1: சாவியின் நுனியைப் பாருங்கள்

சாவி ஒரு குழாய். நுனியை நேராகக் கண்ணுக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், குழாயின் விளிம்பில் சுற்றிலும் நீளவாக்கில் கீறிய பள்ளங்கள் தெரியும். என் சாவியில் ஏழு. ஒவ்வொன்றும் ஓர் ஆழம், ஒன்று அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, பக்கத்திலிருப்பது மூன்று மில்லிமீட்டருக்கு மேல். குழாயின் பக்கவாட்டில் கோதுமை மணி அளவுக்கு ஒரு சின்ன முளை துருத்திக்கொண்டிருக்கும். முதல்முறை பார்க்கிறவர்கள் அந்த முளைதான் பல் என்று நினைத்துவிடுகிறார்கள். அதற்கும் ரகசியத்துக்கும் சம்பந்தம் இல்லை, அது உருளையைப் பிடித்துத் திருப்புவதற்கு மட்டும். ரகசியம் முழுக்க விளிம்பிலிருக்கும் பள்ளங்களின் ஆழத்தில்தான் இருக்கிறது.

படி 2: உருளையும் ஸ்லைடர்களும்

பூட்டின் நடுவில் ஒரு பித்தளை உருளை. அதன் மையத்தில் ஒரு ஊசி நிற்கும், சாவிக்குழாய் அந்த ஊசியின்மேல் ஏறி அமரும். ஊசியைச் சுற்றிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி நீளவாக்கில் பள்ளங்கள், பள்ளத்துக்கு ஒரு ஸ்லைடர். ஸ்லைடரைக் கையில் எடுத்தால் ஏமாற்றமாக இருக்கும், மெல்லிய எஃகுப் பட்டை, இரண்டாக மடித்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த மடிப்புக்கு ஒரு காரணம் உண்டு. மடிந்த பட்டை லேசாக விரிந்து பள்ளத்தின் இரு சுவரையும் அழுத்திக்கொண்டிருக்கும். அதனால் ஸ்லைடர் தொளதொளவென்று ஆடாது, விட்ட இடத்தில் நிற்கும். விரலால் தள்ளிப் பார்த்தால் வெண்ணெயில் கத்தி போவது போன்ற சீரான ஒரு எதிர்ப்பு தெரியும். இந்த எதிர்ப்பை நினைவில் வையுங்கள், பின்னால் ஒரு அமெரிக்கர் இதைத்தான் தனக்குச் சாதகமாக்கிக்கொள்ளப் போகிறார்.

படி 3: அசையாத தகடு

பூட்டின் இதயம் இதுதான், ஆனால் பிரிக்கும்போது பலர் கவனிக்காமல் எடுத்து ஓரமாக வைத்துவிடுகிற பாகமும் இதுதான். உருளையின் வெளிப்புறத்தில் இடுப்பைச் சுற்றி அரைஞாண் கயிறு மாதிரி ஒரு வளையப் பள்ளம் ஓடும். அந்தப் பள்ளத்துக்குள் ஒரு மெல்லிய வளையத் தகடு. முழு வளையமாக இருந்தால் உள்ளே நுழைக்க முடியாது, அதனால் இரண்டு அரைவட்டமாகச் செய்து இரு பக்கமிருந்தும் செருகி, திருகாணியால் பூட்டின் கூட்டோடு இறுக்கியிருப்பார்கள். உருளை திரும்பலாம், தகடு திரும்பாது.

தகட்டின் உள்விளிம்பில் ஸ்லைடருக்கு ஒன்று வீதம் வெட்டுகள். சும்மா இருக்கும்போது ஒவ்வொரு ஸ்லைடரின் வெளிவிளிம்பும் தகட்டின் ஒரு வெட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். ஏழு ஸ்லைடரும் ஏழு ஆப்பு மாதிரி. உருளையைத் திருப்பப் பார்த்தால் ஏழும் தகட்டில் முட்டும்.

இப்போது ஸ்லைடரைத் திரும்ப எடுத்து வெளிவிளிம்பைப் பாருங்கள், அதில் தகட்டின் கனத்துக்கு ஒரு வெட்டு இருக்கும், ஸ்லைடருக்கு ஸ்லைடர் அது வேறு உயரத்தில். ஸ்லைடரை அழுத்திக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அதன் வெட்டு தகட்டுக்கு நேரே வரும். அந்த இடத்தில் அந்த ஸ்லைடருக்குத் தகடு தடையில்லை, தகட்டின் விளிம்பு வெட்டு வழியாகத் தடையில்லாமல் போய்விடும். ஏழும் ஒரே நேரத்தில் அப்படி நின்றால் உருளை திரும்பும். ஒன்று கால் மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கியிருந்தாலும் திரும்பாது.

படி 4: ஒற்றை ஸ்பிரிங்

ஊசியைச் சுற்றி ஒரு சுருள் ஸ்பிரிங், அதன் தலையில் ஒரு வளையம், ஏழு ஸ்லைடரின் தோளும் அந்த வளையத்தின்மேல்தான் சாய்ந்திருக்கின்றன. பிராமாவின் தொடக்க காலப் பூட்டுகளில் ஸ்லைடருக்கு ஒன்றாகத் தனித்தனி ஸ்பிரிங் இருந்தது, பிறகு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்று என்று மாறியது. செய்யவும் சுலபம், இன்னொரு நன்மையும் உண்டு: தனி ஸ்பிரிங் இருந்தால் ஒவ்வொரு ஸ்லைடரும் தனித்தனியாகக் கையில் பேசும். ஒற்றை ஸ்பிரிங்கில் எதை அழுத்தினாலும் அதே வலுவான எதிர்ப்புத்தான் வரும்.

படி 5: சாவி திரும்பும் அந்த ஒரு நொடி

இனி எல்லாவற்றையும் சேர்த்து மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். சாவியின் முளையைச் சாவித்துளையின் வெட்டுக்கு நேரே பிடித்து உள்ளே விடுகிறீர்கள். குழாய் ஊசியின்மேல் ஏறுகிறது. பள்ளங்களின் அடிப்பகுதி ஒவ்வொன்றும் தன் ஸ்லைடரின் தலையைத் தொடுகிறது, ஆழம் குறைந்த பள்ளம் முதலில், ஆழமானது கடைசியில். ஸ்பிரிங்கை எதிர்த்து இன்னும் அழுத்துகிறீர்கள். சாவி தரைதட்டும்போது ஏழு ஸ்லைடரும் ஏழு வேறு தூரம் இறங்கியிருக்கும், ஆனால் ஏழு வெட்டும் ஒரே தகட்டுக்கு நேரே. முளை உருளையின் முகத்தில் உள்ள பள்ளத்தில் மாட்டிக்கொண்டது. திருப்புகிறீர்கள். உருளை சுற்றுகிறது, அதன் பின்பக்கம் மையத்திலிருந்து விலகி நிற்கும் ஒரு குமிழ் பூட்டின் நாக்கைத் தள்ளுகிறது.

திருப்பத் தொடங்கியதும் முளை, சாவித்துளை இருக்கும் முகப்பு மூடிக்கு அடியில் போய்விடும், அதனால் ஸ்பிரிங் சாவியை வெளியே தள்ள முடியாது. சுற்றி முடித்து முளை மறுபடி சாவித்துளையின் வெட்டுக்கு நேரே வந்தால்தான் சாவி வெளியே வரும். அந்த இடத்தில் ஸ்பிரிங் சாவியை விரலுக்குள் தள்ளிக் கொடுக்கும், ஏழு ஸ்லைடரும் மேலே ஏறித் தகட்டின் வெட்டுகளில் உட்காரும். ஒரு மெல்லிய "டக்". எனக்கு இந்தப் பூட்டில் மிகவும் பிடித்தது அந்தச் சத்தம்தான்.

படி 6: அட்டையில் செய்து பாருங்கள்

இதுவரை படித்தது மங்கலாக இருந்தால் அரைமணி நேரம் ஒதுக்கி இதைச் செய்துவிடுங்கள், நிச்சயம் தெளியும். உருளையைச் சுற்றி இருப்பதை விரித்துத் தட்டையாக்கியதாக நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஐஸ் குச்சிகள்தான் ஸ்லைடர். ஒரு அட்டையின்மேல் அட்டைச் சுவர்களை ஒட்டி, குச்சிகள் பக்கவாட்டில் நிமிர்ந்து நின்று முன்பின் ஓடும்படி மூன்று வழி செய்யுங்கள். இன்னொரு தடித்த அட்டைப் பட்டையின் கீழ்விளிம்பில் சீப்பு மாதிரி மூன்று வெட்டுப் போட்டு, குச்சிகளுக்குக் குறுக்கே, வெட்டுக்கு ஒரு குச்சியாக உட்காரும்படி நிறுத்தி மேசையோடு ஒட்டிவிடுங்கள். இந்தப் பட்டைதான் அசையாத தகடு. சுவர் ஒட்டிய அட்டைதான் உருளை, அதைப் பக்கவாட்டில் இழுப்பதுதான் திருப்புவது. பட்டை சுவர்களில் இடிக்காமலிருக்க அந்த இடத்தில் மட்டும் சுவரை விட்டுவிடுங்கள். குச்சிகளின் மேல்விளிம்பில் பட்டை புகுந்து போகும் அளவுக்கு ஒவ்வொரு வெட்டு, மூன்றும் வேறுவேறு இடத்தில்.

குச்சிகளை அங்குமிங்கும் தள்ளி, மூன்று வெட்டும் பட்டைக்கு நேரே வந்ததும் அட்டை பக்கவாட்டில் நழுவும். சரி, இப்போது முக்கியமான வேலை. குச்சிகளைக் கலைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, அட்டையை ஒரு கையால் பக்கவாட்டில் லேசாக இழுத்தபடியே இன்னொரு கையால் குச்சிகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள். மூன்றில் ஒன்று மட்டும் இறுகி நிற்கும், மற்ற இரண்டும் இலகுவாக ஓடும். நீங்கள் போட்ட வெட்டுகள் மயிரிழை அளவுக்காவது ஒன்றுக்கொன்று மாறியிருக்கும், அதனால் இழுப்பு முழுவதும் முதலில் ஒரே குச்சியில்தான் விழும். இறுகிய குச்சியைத் தள்ளிக்கொண்டே போனால் அதன் வெட்டு பட்டைக்கு நேரே வரும்போது அட்டை துளி நகர்ந்து நிற்கும், இப்போது இறுக்கம் அடுத்த குச்சிக்கு மாறியிருக்கும். ஸ்லைடர் பூட்டின் பலவீனம் முழுவதும் இந்த அட்டையில் உங்கள் விரலுக்குத் தெரிந்துவிடும்.

கணக்காகச் சொன்னால் இதன் தீவிரம் புரியும். ஏழு ஸ்லைடர், ஒவ்வொன்றுக்கும் ஆறு ஆழம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் சேர்க்கை 2,79,936. பூட்டு எதையுமே வெளியே சொல்லாவிட்டால் திருடன் அத்தனையையும் முயல வேண்டும். ஒவ்வொரு ஸ்லைடரும் சரியான இடம் வந்ததைத் தனித்தனியாகக் காட்டிக்கொடுத்துவிட்டால் அதிகபட்சம் 42 முயற்சி போதும். அதனால் பூட்டு விற்பவர் "இத்தனை லட்சம் சேர்க்கை" என்று சொன்னால் நான் அதை மதிப்பதே இல்லை. உள்ளே இருப்பது எவ்வளவு கசிகிறது என்றுதான் பார்ப்பேன்.

61 ஆண்டுகள் ஜன்னலில் இருந்த பூட்டு

பிராமா இந்த ஆபத்தை எதிர்கொண்ட வழி துல்லியம். வெட்டுகள் மயிரிழைகூட மாறாமல் இருந்தால் எந்த ஸ்லைடரும் முதலில் இறுகாது. ஆனால் கையால் அரம் போட்டு அப்படிச் செய்ய முடியாது. 1789இல் பதினெட்டு வயதில் அவரிடம் வேலைக்குச் சேர்ந்த ஹென்றி மாட்ஸ்லே, பூட்டுப் பாகங்களை ஒரே அளவில் வெட்டுவதற்கென்றே இயந்திரங்களைச் செய்தார். நவீனக் கடைசல் இயந்திரத்தின் வரலாற்றில் பெரிய பெயர் மாட்ஸ்லே, அந்தக் கை பழகியது ஒரு பூட்டுப் பட்டறையில்.

1790இல் லண்டன் பிக்கடில்லி கடை ஜன்னலில் 18 ஸ்லைடர் கொண்ட ஒரு பூட்டு வைக்கப்பட்டது. இதைத் திறக்கும் கருவியைச் செய்பவருக்கு 200 கினி பரிசு என்று எழுதியிருந்தது, அன்றைய கணக்கில் 210 பவுண்டு. 1851இல் ஹைட் பார்க்கின் கண்ணாடி மாளிகையில் நடந்த பெரும் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கப் பூட்டுக்காரர் ஆல்ஃபிரட் சார்ல்ஸ் ஹாப்ஸ் வரும்வரை யாரும் அந்தப் பரிசை வாங்கவில்லை.

ஹாப்ஸ் 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் வேலை செய்து திறந்தார். அவர் செய்ததும் நீங்கள் அட்டையில் செய்ததும் அடிப்படையில் ஒன்றே. பூட்டைச் சுற்றியிருந்த மரத்தில் ஒரு கருவியைப் பொருத்தி, உருளைமேல் மாறாத ஒரு முறுக்கைக் கொடுத்தார். அந்த வலுவான ஒற்றை ஸ்பிரிங்கைத் திருகாணியால் அழுத்தி அப்படியே பிடித்து வைத்துக்கொண்டார். ஸ்பிரிங் ஒதுங்கிவிட்டதால், மடித்த பட்டையின் உராய்வு ஸ்லைடர்களை அவர் விட்ட இடத்திலேயே நிறுத்தியது. (படி 2இல் நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.) பிறகு ஒவ்வொரு ஸ்லைடரையும் அழுத்தி, எது இறுகுகிறது, எவ்வளவு ஆழத்தில் விடுகிறது என்று அளந்து குறித்துக்கொண்டே போனார். மரத்தில் கருவியைப் பொருத்தியது நியாயமா என்று பிராமா நிறுவனத்தார் ஆட்சேபித்தார்கள், நடுவர்கள் ஹாப்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள், பரிசு கொடுக்கப்பட்டது. 61 ஆண்டுகள் தாங்கியதையும் 51 மணி நேரம் பிடித்ததையும் பார்த்தால் எனக்குப் பூட்டின்மேல் மதிப்புக் கூடத்தான் செய்கிறது. அந்தப் பூட்டை இன்றும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

பொய் வெட்டு

இறுக்கத்தை முழுவதும் ஒழிக்க முடியாதென்றால் அதைப் பொய் சொல்ல வைக்கலாம். ஸ்லைடரில் உண்மையான வெட்டுக்கு மேலும் கீழும் ஆழம் குறைந்த வெட்டுகளைப் போட்டுவிடுவார்கள். முறுக்கு கொடுத்து ஸ்லைடரைத் தள்ளும்போது பொய் வெட்டு வந்தாலும் உருளை துளி நகரும், ஸ்லைடர் அங்கே கவ்விக்கொள்ளும், தேடுபவர் இடம் கிடைத்துவிட்டதென்று அடுத்ததற்குப் போவார். ஆனால் அந்த வெட்டின் ஆழம் போதாது, உருளை முழுதாகத் திரும்பாது. ஏழில் எது பொய் என்று தெரியாமல் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். உங்கள் ஐஸ் குச்சிகளிலும் இரண்டு பொய் வெட்டுப் போட்டுவிட்டு மறுபடி கண்ணை மூடி முயன்று பாருங்கள்.

இடையில் ஒரு எச்சரிக்கை. வட்டமான சாவித்துளையும் குழாய்ச் சாவியும் இருந்தாலே அது பிராமா வகை என்று நினைத்துவிடாதீர்கள். சைக்கிள் பூட்டு, நாணயம் போட்டு இயங்கும் இயந்திரம் இவற்றில் வரும் குழாய்ச் சாவிப் பூட்டுகளின் உள்ளே இருப்பது வட்டமாக அடுக்கிய சாதாரணப் பின்கள்தான், இரண்டு துண்டுப் பின், தனித்தனி ஸ்பிரிங். 2004இல் அமெரிக்காவில் விலை உயர்ந்த சைக்கிள் பூட்டுகள் பால்பாயிண்ட் பேனாவின் பிளாஸ்டிக் குழாயால் திறந்தன என்று பெரிய செய்தியானது, அவை இந்த இனம்.

இன்றைய ஸ்லைடர்: ஸ்பிரிங்கே இல்லாமல்

ஸ்பிரிங் இருப்பதால்தானே ஸ்லைடர் நாம் தள்ளியதும் திரும்பித் தள்ளுகிறது, ஸ்பிரிங்கையே எடுத்துவிட்டால்? வியன்னாவில் 1919இல் தொடங்கிய எவ்வா நிறுவனத்தின் 3கேஎஸ் பூட்டு இந்தக் கேள்விக்கான பதில். சாவி தட்டை, ஓரத்தில் மலைத்தொடர் மாதிரி பற்கள் கிடையாது, இரண்டு முகத்திலும் வளைந்து நெளிந்து ஓடும் பள்ளங்கள் குடைந்திருக்கும். சில கார் சாவிகளின் பக்கவாட்டில் பாம்பு மாதிரி ஒரு பள்ளம் பார்த்திருப்பீர்கள், அதன் அண்ணன் என்று சொல்லலாம்.

உருளைக்குள் சாவித்துளையின் இரு பக்கமும் ஸ்லைடர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன மூக்கு, அது சாவியின் பள்ளத்துக்குள் மாட்டிக்கொள்ளும். சாவி உள்ளே போகப் போகத் தண்டவாளத்தில் ஓடும் சக்கரம் மாதிரி மூக்கு பள்ளத்தின் வழியே மேலும் கீழும் ஏறி இறங்கும். ஸ்லைடரை மேலே தள்ளுவதும் சாவிதான், கீழே இழுப்பதும் சாவிதான். சாவி முழுதாக உள்ளே போனதும் எல்லா ஸ்லைடர்களின் வெட்டும் ஒரு வரிசையில் நிற்கும். இரு பக்கமும் நீளமான ஒரு பூட்டுப்பட்டை உண்டு, பூட்டியிருக்கும்போது பாதி உடம்பு உருளையிலும் பாதி வெளிக்கூட்டின் பள்ளத்திலுமாக இருக்கும். சாவியைத் திருப்பினால் கூட்டுப் பள்ளத்தின் சரிவு அந்தப் பட்டையை உள்ளே தள்ளும், ஸ்லைடர் வெட்டுகள் வரிசையில் இருந்தால் பட்டை அவற்றுக்குள் இறங்கி வழிவிடும். பிராமாவில் ஸ்லைடரே நேராகத் தகட்டில் முட்டுகிறது, இங்கே நடுவில் ஒரு தூதர் வந்துவிட்டார். எந்த ஸ்லைடர் பட்டையைத் தடுக்கிறது என்பதை வெளியிலிருந்து விரலால் உணர்வது அதனால் இன்னும் கடினம்.

ஸ்பிரிங் இல்லாததால் கிடைக்கும் இன்னொரு லாபம்: சாவியைச் செருகித் தட்டி, பின்களைத் துள்ளவைத்துத் திறக்கிறார்களே, அந்த பம்ப் (bump) சாவி வித்தைக்கு இங்கே வேலையில்லை. அதற்கு இரண்டு துண்டுப் பின்னும் ஸ்பிரிங்கும் வேண்டும். தூசி படிந்து, குளிரில் இறுகி வேலை நிற்கும் ஸ்பிரிங் பிரச்சினையும் போய்விடுகிறது. தெருமுனைக் கடையில் டூப்ளிகேட் போடும் இயந்திரம் ஓரத்தை மட்டும் வெட்டும், முகத்தில் வளைவு குடையாது.

பிரித்ததைத் திரும்பச் சேர்ப்பது

பிராமா வகைப் பூட்டு ஒன்று உங்கள் கைக்குக் கிடைத்துப் பிரித்தால், தகட்டின் இரண்டு அரைவட்டத்திலும் எது மேல்பக்கம் என்று முதலில் குறித்துவிடுங்கள். கெட்டியான எண்ணெய் விட வேண்டாம், அது தூசியைப் பிடித்து ஸ்லைடர்களை ஒட்டவைத்துவிடும். ஸ்லைடர்களை எடுத்த வரிசையிலேயே ஒரு தாளில் எண் போட்டு வையுங்கள். நான் முதல்முறை ஏழையும் ஒரே கிண்ணத்தில் கொட்டிவிட்டேன். ஏழு பட்டை, ஏழு பள்ளம், 5,040 விதமாக அடுக்கலாம்.

ஆனால் பூட்டின் இயக்கம் தெரிந்திருந்தால் அத்தனையும் முயல வேண்டியதில்லை. சாவியில் பள்ளம் எவ்வளவு ஆழமோ, அந்த அளவுக்கு அது ஸ்லைடரைக் குறைவாகத் தள்ளுகிறது. என் பூட்டில் சாவி மொத்தம் 6 மில்லிமீட்டர் தள்ளும் என்றால், 2 மில்லிமீட்டர் ஆழமுள்ள பள்ளம் தன் ஸ்லைடரை 4 மில்லிமீட்டர்தான் இறக்கும், ஆகவே அந்த ஸ்லைடரின் வெட்டு தகட்டிலிருந்து 4 மில்லிமீட்டர் தூரத்தில் காத்திருக்க வேண்டும். பள்ளத்தின் ஆழத்தையும் வெட்டின் தூரத்தையும் கூட்டினால் ஏழு இடத்திலும் அதே 6 வர வேண்டும். வெர்னியர் அளவுகோலால் சாவியின் ஏழு பள்ளத்தையும் அளந்து எழுதிக்கொண்டேன், பிறகு ஸ்லைடர்களை. பொய் வெட்டுகளின் ஆழம் குறைவு என்பதால் எது உண்மையான வெட்டு என்பதில் குழப்பம் வரவில்லை. ஏழையும் ஜோடி சேர்த்து, சாவியின் முளைக்கு நேரான பள்ளத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக இறக்கி, ஸ்பிரிங், வளையம், ஊசி, கடைசியாகத் தகடு. ஆறு பட்டை சரி, ஏழாவது அரை மில்லிமீட்டர் உயரத்திலேயே நின்றது, பள்ளத்தின் அடியில் பழைய அழுக்குத் துணுக்கு ஒன்று. குண்டூசியால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி சாவியை அழுத்தித் திருப்பினேன், டக் என்றது.